பழைய வீட்டுக் கணினிகளுக்குக் குட்டி நிரல் சவால்கள்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதில் என்னதான் செய்கிறீர்கள்?

ஒருவர் சின்னதாக ஒரு கணக்குப் போடுவார். "7 வரிப் புள்ளிக் கோலத்தைத் திரையில் கொண்டு வாருங்கள், எவ்வளவு குறைந்த பைட்டில் முடியுமோ அவ்வளவில்" என்பது போல. பைட் என்பது கணினி நினைவகத்தில் ஏறக்குறைய ஒரு ஆங்கில எழுத்து பிடிக்கும் இடம். மற்றவர்கள் கொமடோர் 64, ஸ்பெக்ட்ரம் போன்ற 1980-களின் வீட்டுக் கணினிகளுக்கு அதை எழுதி அனுப்புவார்கள். அடுத்த முறை கணக்குப் போடுவது வேறொருவர் முறை.

கொழும்பில் நாங்கள் சிலர் இதைப் போயாவுக்குப் போயா, அதாவது பௌர்ணமிக்குப் பௌர்ணமி, செய்கிறோம். போயா அன்று காலையில் சவால் வரும். அடுத்த போயா வரை யாரும் விடையைக் காட்டக்கூடாது. அன்றைக்கு லீவு என்பதால் எல்லோருடைய நிரலையும் ஒன்றாகத் திறந்து, வரி வரியாக ஆறுதலாகப் பார்க்க நேரம் இருக்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று ஆட்கள் பிரிந்து இருப்பதால் முக்கால்வாசிக் கதை வட்ஸ்அப்பில்தான் நடக்கும். பரிசு எதுவும் கிடையாது.

கையில் இருக்கும் போன் இதைவிட எத்தனையோ மடங்கு வேகம். பழைய இயந்திரம் எதற்கு?

முழு இயந்திரமும் ஒரு மனிதனின் மூளைக்குள் அடங்கும் என்பதற்காக. இதுதான் உண்மையான காரணம், பழசின் மீதான ஏக்கம் அதற்கு அடுத்தது.

கொமடோர் 64 வந்தது 1982-இல். 64 கிலோபைட் நினைவகம், வேகம் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ். சுவிட்சைப் போட்டவுடன் பேசிக் என்ற எளிய நிரல் மொழிக்கு 38911 பைட் மிச்சம் இருப்பதாகத் திரையிலேயே சொல்லும். நினைவகத்தில் 1024 என்ற முகவரியில் 1 என்ற எண்ணை எழுதினால், திரையின் இடது மேல் மூலையில் ஆங்கில ஏ எழுத்து வந்து நிற்கும். 53280-இல் ஒரு எண்ணைப் போட்டால் ஓரத்தின் நிறம் மாறும். இடையில் வேறு எந்த அடுக்கும் இல்லை. நீங்கள் எழுதியதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவில் நடப்பது அத்தனையையும் ஒரு ஆளால் விளக்கிவிட முடியும். இன்றைய போனில் ஒரு எழுத்து திரைக்கு வரும் வழி முழுவதையும் அப்படி விளக்கக்கூடிய ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இன்னொன்று, இடம் குறைவாக இருக்கும்போதுதான் சிந்தனை கூர்மையாகிறது. 1981-இல் வந்த இசட்எக்ஸ்81-இல் மொத்தமே 1 கிலோபைட் நினைவகம். அதற்குள் டேவிட் ஹோர்ன் என்பவர் 672 பைட்டில் சதுரங்க விளையாட்டு எழுதினார். கோட்டை கட்டுவது போன்ற சில விதிகளை விட வேண்டி வந்தது என்றாலும், எதிரே இருப்பவருடன் அது உண்மையிலேயே ஆடும். நீங்கள் இப்போது வாசிக்கும் இந்தப் பதிலைச் சேமிக்க அதைவிடக் கூடுதல் இடம் வேண்டும்.

எந்தெந்தக் கணினிகள் செல்லும்?

8 பிட் வீட்டுக் கணினி எதுவும். எங்களிடம் அதிகம் ஓடுவது கொமடோர் 64-உம் 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரமும். பிபிசி மைக்ரோவை விரும்பும் ஒருவரும் இருக்கிறார், அவருக்குக் காரணம் இருக்கிறது: அதன் பேசிக்குக்குள்ளேயே அசெம்பிளி (புரொசெசருக்கான நேரடிக் கட்டளைகள்) எழுதலாம், தனியாக எதையும் ஏற்றத் தேவையில்லை. எம்எஸ்எக்ஸ், அட்டாரி, ஆப்பிள் 2 எல்லாம் சரி. ஒரு இயந்திரத்தின் பைட் எண்ணிக்கையை இன்னொன்றோடு ஒப்பிட்டு வெற்றி தோல்வி சொல்ல மாட்டோம். அது நியாயமில்லை.

இயந்திரம் கட்டாயம் வாங்க வேண்டுமா?

தேவையே இல்லை. லப்டொப்பில் எமுலேட்டர், அதாவது பழைய கணினியைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருள், போதும். கொமடோருக்கு வைஸ், ஸ்பெக்ட்ரமுக்கு ஃப்யூஸ், எம்எஸ்எக்ஸுக்கு ஓப்பன்எம்எஸ்எக்ஸ், மூன்றும் இலவசம். கொமடோரைத் தேர்ந்தால் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) அமைப்பில் வையுங்கள். அமெரிக்க அமைப்பில் ஒரு நொடிக்கு 60 சட்டகம், பால் முறையில் 50. அசைவு சம்பந்தமான சவால்களில் இந்த வித்தியாசம் தெரியும்.

கொழும்பில் அசல் இயந்திரம் கிடைத்தால் என்ன கவனிக்க வேண்டும்?

வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர் கொண்டுவந்து, பிறகு அலுமாரிக்கு மேலே போன இயந்திரங்கள்தான் பெரும்பாலும் கைக்கு வருகின்றன. கிடைத்தவுடன் பிளக்கைச் செருகாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆசையில் முதலில் செய்யத் தோன்றுவது அதைத்தான்.

கொமடோர் 64-இன் பழைய மின்வழங்கியில் 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம் வயதானால் பழுதாகும். அப்போது மின்னழுத்தம் கூடி, உள்ளே இருக்கும் நினைவகச் சிப்புகளைக் கருக்கிவிடும். மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் இணைக்க வேண்டாம். அளவு சரியாக இருந்தாலும் புதிய மின்வழங்கி ஒன்று செய்து கொள்வதே பாதுகாப்பு. 9 வோல்ட் ஏசி, 5 வோல்ட் டிசி இரண்டும் தேவை என்பதை மறக்காதீர்கள்.

ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் டிசி போதும், ஆனால் அதன் பிளக்கில் நடுமுனை எதிர்மின். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர்மின்தான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள், வீட்டுக்கு வந்து அளந்தும் பாருங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றால் உப்புக் காற்று இன்னொரு பிரச்சினை. இணைப்பு முனைகளில் பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஸ்பெக்ட்ரமின் விசைப்பலகைக்குள் இருக்கும் மெல்லிய தாள் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், ஒட்டிப் பயனில்லை.

படம் பற்றிக் கவலை வேண்டாம். இலங்கைத் தொலைக்காட்சியும் பால் முறை, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் பிரித்தானிய இயந்திரத்துக்குப் பொருந்தும்.

ஒரு சவாலை முழுதாகக் காட்டுங்கள்.

தைப்பொங்கலை ஒட்டிப் போட்ட ஒன்று. நேர்ப்புள்ளிக் கோலம்: வரிக்கு 1, 3, 5, 7, 5, 3, 1 என்று மொத்தம் 25 புள்ளி. கொமடோர் 64, பேசிக் மட்டும். நிரல் வரிகள் நினைவகத்தில் பிடிக்கும் இடத்தை எண்ண வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஏழு வரி, வரிக்கு ஒரு பிரின்ட் (திரையில் எழுதும் கட்டளை). கொமடோரில் ஒவ்வொரு நிரல் வரிக்கும் 5 பைட் கட்டாயச் செலவு: அடுத்த வரி எங்கே என்று காட்ட 2, வரி எண்ணுக்கு 2, முடிவுக்கு 1. பிரின்ட் என்ற கட்டளை திரையில் நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே 1 பைட்தான். மேற்கோள் குறிக்கு 1, வரி முடிவில் மூடும் மேற்கோளை விட்டுவிடலாம். ஆக வரிக்கு 7, ஏழு வரிக்கு 49. புள்ளிகளும் அவற்றுக்கு முன்னால் வரும் இடைவெளிகளும் 37. மொத்தம் 86 பைட்.

இனிக் கோலத்தைக் கவனியுங்கள். நடு வரிக்கு மேலும் கீழும் ஒன்றுதான். அப்படியானால் -3 முதல் 3 வரை ஒரு சுற்று ஓடவிடலாம். நடுவில் இருந்து எத்தனை வரி தள்ளி நிற்கிறோமோ அத்தனை இடைவெளி, பிறகு 7-இல் இருந்து அதன் இரு மடங்கைக் கழித்தால் வரும் அளவு புள்ளி. ஏழு புள்ளி கொண்ட எழுத்துச் சரம் ஒன்றை வைத்து, அதன் இடப்பக்கத்தில் இருந்து தேவையானதை மட்டும் வெட்டி எடுக்கலாம். எல்லாம் ஒரே வரிக்குள் வந்துவிடும். எண்ணினால் 43 பைட், சரியாகப் பாதி.

இங்கே ஒரு நுணுக்கம். "எத்தனை வரி தள்ளி" என்ற கணக்கு அந்த வரியில் இரண்டு முறை வருகிறது. அதை ஒரு மாறியில் (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடத்தில்) போட்டு வைத்தால் மிச்சம் என்றுதான் நிரல் எழுதிப் பழகிய எவரும் நினைப்பார். ஆனால் கழித்தல் குறியை நீக்கும் கட்டளையும் அடைப்புக்குறிகளும் மாறியும் சேர்ந்து 4 பைட், இரண்டு முறைக்கு 8. மாறியில் போட 7 பைட், பிறகு அதைப் பயன்படுத்த ஒவ்வொன்று, ஆக 9. ஒரு பைட் நட்டம். கையால் எண்ணிப் பார்க்காமல் இது தெரியவே தெரியாது.

அன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விடை, அது நீளமானது. 7-க்கு 7 சதுரத்தின் 49 கட்டத்தையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து, நடுவில் இருந்து மேல்கீழ்த் தூரத்தையும் பக்கவாட்டுத் தூரத்தையும் கூட்டி, 3-க்கு மேல் போகாவிட்டால் புள்ளி வைத்தது. நீளம்தான், ஆனால் கூட்டுவதற்குப் பதில் இரண்டில் பெரியதை எடுத்தால் சதுரம் வரும், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி 9-க்கு மேல் போகாமல் பார்த்தால் வட்டம் போல் வரும். ஒரு கோலத்துக்குப் பதில் ஒரு குடும்பமே கிடைக்கிறது. குறைந்த பைட் விடையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால் இதைத் தவறவிட்டிருப்போம். எல்லோருடைய விடையையும் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கோலத்தைக் கணினிக் கண்ணோடு பார்ப்பது புதிதல்ல. சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இலேயே கோலங்களை இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். சிக்குக் கோலத்தை வைத்தும் சவால் போட ஆசை. அதற்கு ஒரு மாதம் போதாது.

அதே நிரல் ஸ்பெக்ட்ரமில் அப்படியே ஓடுமா?

ஓடாது. அங்கே சரத்தை வெட்டும் முறை வேறு. அதைவிடப் பெரிய விஷயம் எண்கள். ஸ்பெக்ட்ரம் பேசிக்கில் நீங்கள் ஒரு எண்ணை எழுதினால், திரையில் தெரியும் இலக்கங்களுக்குப் பின்னால் 6 பைட் மறைவாகச் சேரும்: ஒரு அடையாளக் குறி, பிறகு அந்த எண்ணின் 5 பைட் வடிவம். கோல நிரலில் நான்கு எண் இருந்தால் 24 பைட் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இதைத் தவிர்க்க அந்தக் காலத்து ஆட்கள் கண்டுபிடித்த வழிகள் அழகானவை. கணிதத்தில் வரும் பை (3.14...) ஸ்பெக்ட்ரமில் ஒரே பைட்டில் அடங்கும் கட்டளை. அதன் முழு எண் பகுதி 3, நேர் எண் என்பதால் அதன் குறியைக் கேட்டால் 1, அதை "இல்லை" என்று மறுத்தால் 0. ஆக 0, 1, 3 மூன்றையும் தலா 2 பைட்டில் எழுதலாம், நேரே எழுதினால் 7 ஆகும். 10 போன்ற எண்ணை மேற்கோளுக்குள் சரமாகப் போட்டு, அதன் மதிப்பைக் கேட்கும் கட்டளையை முன்னால் வைத்தால் 8-க்குப் பதில் 5. நிரல் கொஞ்சம் மெதுவாகும், இடம் மிச்சம். கொமடோரில் இந்தத் தந்திரத்துக்கு வேலை இல்லை, அது எண்ணை எழுதியபடியே வைத்துக்கொண்டு ஓடும்போதுதான் மாற்றும்.

ஒரே வரியில் ஏதாவது பிரமாதமாகச் செய்ய முடியுமா?

கொமடோரில் புகழ்பெற்ற புதிர்வழி நிரல் ஒன்று இருக்கிறது. 205.5 என்ற எண்ணோடு 0-க்கும் 1-க்கும் இடையிலான எழுமாற்று எண் ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணுக்குரிய எழுத்தை அச்சிட்டு, திரும்பத் திரும்ப அதையே செய்வது. அவ்வளவுதான். கூட்டுத்தொகையின் தசமப் பகுதி வெட்டுப்பட்டு 205 அல்லது 206 ஆகும், இரண்டுக்கும் சம வாய்ப்பு. ஒன்று இடது பக்கம் சாய்ந்த கோடு, மற்றது வலது பக்கம் சாய்ந்த கோடு. திரை முழுவதும் முடிவில்லாத புதிர்வழி விரியும். அந்த .5-ஐ 0.2 ஆக மாற்றினால் என்ன ஆகும் என்று ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். கோடுகள் பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும்.

இயந்திர மொழி தெரிந்தால்தான் சேரலாமா?

இல்லை, பேசிக் போதும். இயந்திர மொழி என்பது புரொசெசருக்கு நேரே கொடுக்கும் எண் கட்டளைகள். ஆனால் சில மாதம் போனால் நீங்களாகவே கேட்பீர்கள். அப்போது ஒன்றைக் கவனிப்பீர்கள்: இரண்டு இயந்திரமும் சிக்கனத்தை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கின்றன. ஸ்பெக்ட்ரமின் இசட்80 புரொசெசரில் ஒரு எழுத்தை அச்சிட ரொம்மை (இயந்திரத்துக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் நிரலை) கூப்பிட 1 பைட் கட்டளை போதும். கொமடோரில் அதே வேலைக்கு 65490 என்ற முகவரிக்குத் தாவ 3 பைட். கொமடோர்க்காரர்கள் இதனால்தான் பல இடங்களில் ரொம்மை விட்டுவிட்டு நேரே திரை நினைவகத்தில் எழுதுகிறார்கள்.

இரண்டுக்கும் பொதுவான பாடம், ஏறுமுகமாக எண்ணாமல் இறங்குமுகமாக எண்ணுங்கள். பூச்சியத்தைத் தொட்டதும் புரொசெசரே அறிவித்துவிடும், ஒப்பிடும் கட்டளை மிச்சம்.

பைட் எண்ணுவதில் சண்டை வராதா?

விதியை முன்கூட்டி எழுதாவிட்டால் நிச்சயம் வரும். கொமடோர்க் கோப்பின் தலைப்பில் 2 பைட் முகவரி இருக்கும், அதைச் சேர்ப்பதா? இயந்திர மொழி நிரலைத் தொடங்கி வைக்கும் பேசிக் வரியைச் சேர்ப்பதா? நிரல் முடிந்தபின் திரையில் "தயார்" செய்தி வந்து கோலத்தைக் கெடுத்தால் பிழையா? இயந்திரம் இப்போதுதான் இயங்கத் தொடங்கியது என்று வைத்துக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் மதிப்புகளைப் பயன்படுத்தலாமா? பதில் எதுவானாலும் பரவாயில்லை, சவாலோடு சேர்ந்து வர வேண்டும்.

தமிழ் எழுத்தைக் கொண்டுவர முடியுமா?

முடியும், எங்களுக்குப் பிடித்த சவால்களே அவைதான். ஒரு எழுத்துக்கு 8-க்கு 8 புள்ளி, வரிக்கு ஒரு பைட், மொத்தம் 8 பைட். 'ப' எளிது: 66 ஆறு முறை, பிறகு 126, கடைசியில் 0. 'ட' அதைவிட எளிது: 64 ஆறு முறை, 126, 0. தாளில் கட்டம் போட்டு இருமத்தில் எழுதிப் பாருங்கள், உடனே உருவம் தெரியும். 'ப்' வேண்டுமானால் மேல் வரியில் 24 போட்டுப் புள்ளி வைத்து, உடம்பைச் சற்றுக் குறுக்க வேண்டும்.

பிறகுதான் சிரமம் தொடங்கும். 'ண' 8 புள்ளி அகலத்துக்குள் வாசிக்கும்படி வராது, இரண்டு கட்டம் கொடுக்க வேண்டும். 'ழ', 'ஞ' இரண்டும் பிடிவாதம் பிடிக்கும். ஸ்பெக்ட்ரமில் நீங்களாக வரைந்துகொள்ளக் கிடைப்பது 21 எழுத்துதான், 168 பைட். தமிழின் 247 எழுத்தில் 216 உயிர்மெய் என்றாலும், கால், கொம்பு, விசிறி போன்றவற்றைத் தனியாக வைத்தால் தேவை வெகுவாகக் குறையும். ஆனால் உகர ஊகாரங்கள் ஒவ்வொன்றும் தனி வடிவம், அங்கே தப்ப வழியில்லை. 21 எழுத்தை வைத்து எத்தனை தமிழ்ச் சொல் எழுதலாம் என்பதே ஒரு நல்ல சவால்.

கொழும்புக்கும் இந்த இயந்திரங்களுக்கும் பழைய தொடர்பு ஏதாவது?

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கொழும்பு 7-இல் இருந்தபடி, 1980-களின் முதல் பாதியில் கேப்ரோ கணினி ஒன்றையும் மோடத்தையும் வைத்து அமெரிக்காவில் இருந்த திரைப்பட இயக்குநர் பீட்டர் ஹயாம்ஸுடன் எழுத்தில் உரையாடினார். மின்னஞ்சல் என்றால் என்னவென்று இங்கே பெரும்பாலானோர் அறியாத காலம். அந்த கேப்ரோவுக்குள்ளும் இசட்80தான். ஸ்பெக்ட்ரமுக்கு நீங்கள் கற்கும் கட்டளைகள் அதற்கும் பொருந்தும்.

நல்ல சவாலை எப்படிப் போடுவது?

ஒரே மாலையில் ஏதோ ஒரு விடை கிடைக்க வேண்டும், ஒரு மாதம் யோசித்தாலும் இன்னும் குறைக்க இடமிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நல்ல சவால். சமச்சீர் இருக்கும் உருவங்கள் இதற்கு மிகவும் தோதானவை, ஆனால் முழுச் சமச்சீர் கெதியில் சலிக்கும். எங்கேயாவது ஒரு சிறு முரண் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வரும் வால், ஒரு வரியில் மட்டும் மாறும் குறி. அந்த ஒன்றைச் சமாளிக்கத்தான் ஆட்கள் புதுப்புது வழி கண்டுபிடிக்கிறார்கள்.

ஏஐயிடம் கேட்டு எழுதலாமா?

கேட்கலாம், தடை இல்லை. ஆனால் திறக்கும் அன்று உங்கள் நிரலின் ஒவ்வொரு பைட்டும் ஏன் அங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். இந்த விதி எல்லோருக்கும் ஒன்றுதான், பழைய சஞ்சிகையில் இருந்து எடுத்தவருக்கும் சேர்த்து.

வெளிநாட்டுப் போட்டிகளில் சேரலாமா?

தாராளமாக. பத்தே வரியில் பேசிக் விளையாட்டு எழுதும் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. டிசம்பரில் நத்தார் உருவம் ஒன்றைக் குறைந்த பைட்டில் வரையும் சவாலும் உண்டு. முதலில் எங்களோடு இரண்டு மூன்று சவால் செய்துவிட்டுப் போனால் விதிகளை வாசிக்கும்போது பயம் இருக்காது.

பிள்ளைகளைச் சேர்ப்பீர்களா?

பத்து வயதுப் பிள்ளை ஓரத்தின் நிறத்தை மாற்றிவிட்டுத் துள்ளுவதைப் பார்த்தவன் நான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பைட் எண்ணச் சொல்லாதீர்கள். படம் வரட்டும், எண்ணுவது அப்புறம்.

அடுத்த சவால் என்ன, எப்படித் தொடங்குவது?

வெசாக் கூடு, அதாவது வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடும் காகித விளக்கு. எட்டுப் பட்டைக் கூட்டின் வெளிக்கோட்டை 15 வரிக்கும் 15 கட்டத்துக்கும் உள்ளே எழுத்துகளால் வரைய வேண்டும், அடியில் நான்கு வால், இடது ஓரத்து வால் மட்டும் ஒரு வரி கூடுதல் நீளம். பேசிக்கோ இயந்திர மொழியோ உங்கள் விருப்பம். கோப்பின் தலைப்பு முகவரியை எண்ண வேண்டாம், தொடங்கி வைக்கும் பேசிக் வரியை எண்ணுங்கள். "தயார்" செய்தி உருவத்தைத் தொடாமல் வந்தால் சரி. எமுலேட்டரை இறக்கி, முதலில் 15 பிரின்ட் வரியில் நேரே எழுதி, எத்தனை பைட் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைக் குறைக்கத் தொடங்கலாம். விடையோடு ஒரு பக்கத்துக்கு மேற்படாத விளக்கமும் அனுப்ப வேண்டும், தமிழில்.